திரையும் தெரிவும்

மனிதனுடைய சுதந்திரத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் தெரிவைப் பற்றியே பேசுவர். இரண்டு வழிகள் முன்வைக்கப்பட்டு, அவற்றுள் ஒன்றைக் கொள்ளவும் மற்றதைத் தள்ளவும் ஒருவருக்கு இயலுமாயின் அவர் சுதந்திரமுடையவர் எனக் கொள்ளப்படுகிறது. ஆயின், அவ்விரு வழிகளும் யாரால், எதன் பொருட்டு முன்வைக்கப்பட்டன என்னும் வினா அதற்கும் முந்தியது. அவ்வினா எழுப்பப்படாதவிடத்து, ஏலவே முடிவு செய்யப்பட்ட ஒன்றுக்கு இசைவு வழங்குவதே தெரிவு என்றாகிவிடும். முகத்தின் தோலைப் புதுப்பிக்கும் இரண்டு சிறு சிகிச்சைகளுள் எதனை மேற்கொள்வது என்னும் அன்றாட வினாவினுள்ளும் இப்பிரச்சினை முழுமையாக அடங்கியிருக்கிறது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மன்னார்த் தீவின் கரையிலுள்ள ஓலைத்தொடுவாயில் வாழும் ஒரு பெண்ணை உதாரணமாகக் கற்பனை செய்துகொள்ளலாம். வயது நாற்பத்தெட்டு. கருவாட்டு வாடியிலே இருபத்தைந்து ஆண்டுகளாக மீனை வெட்டி, உப்பிட்டு, வெயிலிற் பரப்பி, நண்பகலிற் புரட்டிப் போட்டு வாழ்ந்தவள். மன்னார், இலங்கையில் மழை மிகக் குறைந்த பகுதிகளுள் ஒன்று. மேலிருந்து அடிக்கும் வெயிலோடு மணலிலும் நீரிலும் பட்டுத் தெறிக்கும் வெயிலும் அவள் முகத்தைத் தாக்கியிருக்கிறது. கன்னங்களிலே மங்கு படர்ந்துள்ளது. கண்ணோரங்களிற் சுருக்கம் விழுந்துள்ளது. மகளின் திருமணம் நெருங்குகிறது. கனடாவிலிருக்கும் தங்கை, கொழும்பிற் சிகிச்சை பெறுவதற்குப் பணம் அனுப்ப முன்வருகிறாள். “அக்கா, படத்திலே நீங்களும் வடிவாய் நிக்க வேணும்” என்பது அவளுடைய அன்பான வேண்டுகோள். சரும வைத்தியர் இரண்டு முறைகளை எடுத்துரைத்து, எது வேண்டும் எனக் கேட்கிறார்.

முதலாவது, ‘கெமிக்கல் பீல்’ எனப்படும் இரசாயன உரிப்பு. கிளைக்கோலிக் அமிலம் போன்றதொரு திரவத்தைப் பூசும்போது, தோலின் மேற்படையிலுள்ள கலங்களின் பிணைப்புத் தளர்ந்து, அடுத்த சில நாட்களில் அப்படை உரிந்து விழுகிறது. அதன்கீழ்ப் புதிய படை தோன்றுகிறது. ஜேர்மானிய வைத்தியரான உன்னா 1882 ஆம் ஆண்டிலேயே சலிசிலிக் அமிலம் முதலியவற்றை இவ்வாறு பயன்படுத்துவதை விவரித்துள்ளார். இரண்டாவது, ‘மைக்ரோநீட்லிங்’ எனப்படும் நுண்ணூசி முறை. அரை மில்லிமீற்றர் முதல் இரண்டரை மில்லிமீற்றர் வரையிலான நுண்ணிய ஊசிகள் தோலிற் பல நூறு சிறு துளைகளை இடுகின்றன. உடல் அவற்றைக் காயமெனக் கொண்டு ஆற்றத் தொடங்கும்போது, தோலுக்கு உறுதியளிக்கும் கொலாஜன் என்னும் புரதம் புதிதாக உருவாகின்றது. கனடாவின் கமிரான்ட், டூசே என்னும் வைத்தியர் இருவர், பச்சை குத்தும் கருவியை மையின்றிப் பயன்படுத்தித் தழும்புகளை மென்மையாக்கியமையை 1997 இல் வெளியிட்டமை இம்முறையின் வளர்ச்சியில் ஒரு படியாகும். ஒன்று பழையதை அகற்றுகிறது. மற்றது பழையதன் கீழ்ப் புதியதைத் தூண்டுகிறது. இரண்டும் பல தடவைகள் செய்யப்பட வேண்டியவை. இரண்டும், அளவறிந்து இழைக்கப்படும் காயங்களே.

இவற்றுள் எது சிறந்தது என்னும் வினாவுக்கு மருத்துவம் தரும் விடை நிபந்தனைகளோடு கூடியது. கரிய, மாநிறத் தோல்களிற் காயம் ஆறும்போது நிறமிகள் மிகுதியாகச் சுரந்து, முன்னிருந்ததினும் கருமையான படிவு தோன்றக்கூடும். உரிப்பு ஆழமாகுந்தோறும் இவ்வபாயம் பெருகும். நுண்ணூசி முறை மேற்படையைப் பெரிதும் விட்டுவைப்பதால் இவ்வபாயம் அதிற் குறைவு. ஆயின், ஊசி தூய்மையற்றதாயின் வரும் கேடு வேறு வகையானது. அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில், அனுமதிப்பத்திரமற்ற ஓர் அழகு நிலையத்தில், குருதிக்கூறுகளோடு சேர்த்துச் செய்யப்பட்ட நுண்ணூசிச் சிகிச்சையால் எச்.ஐ.வி. தொற்றியமையை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2024 இல் அறிவித்தது. ஆகவே, ‘எந்த முறை’ என்பதோடு ‘எவருடைய கையால்’ என்பதும் சேர்த்துக் கேட்கப்பட வேண்டியதாகும்.

ஈண்டு இன்னொன்றும் நோக்கத்தக்கது. தோலை அதன் வெயில் தாங்கும் இயல்பு கொண்டு வகைப்படுத்தும் அளவுகோலை 1975 இல் வகுத்தவர் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிற்ஸ்பற்றிக் என்பவர். தொடக்கத்தில் அதில் நான்கு வகைகளே இருந்தன. அவை வெள்ளைத் தோலை மனதிற் கொண்டவை. மாநிறத்துக்கும் கருநிறத்துக்குமான ஐந்தாம், ஆறாம் வகைகள் பின்னரே சேர்க்கப்பட்டன. ஓலைத்தொடுவாய்ப் பெண்ணின் முகம், அளவுகோலிலேயே பிந்தி வந்து சேர்ந்த முகம். விஞ்ஞானத்தைக் குறைகூறுதற்கு இது காரணமாகாது. விஞ்ஞானமும் யாரோ ஒருவரை முன்னிறுத்தியே தன் வினாக்களைத் தொடங்குகிறது என்பதற்குச் சான்றாகும்.

இனி, அறவினாவுக்கு வரலாம். முகத்தின் சுருக்கத்தை அகற்ற விழைவதே வீண் ஆசை எனவும், நிலையாமையை உணர்ந்தோர் அதனை நாடார் எனவும் கூறுவோர் உளர். தமிழ் மரபில் இக்கருத்துக்கு வலுவான ஆதாரம் உண்டு. மணிமேகலைக் காப்பியத்தில், தன்னை விரும்பி வந்த உதயகுமாரனுக்கு, முதுமையடைந்த ஒருத்தியைச் சுட்டிக்காட்டி யாக்கையின் இயல்பை மணிமேகலை உணர்த்துகிறாள். ஆயின், அவ்வுரையை நிகழ்த்துபவள் தன் இளமையைத் தானே துறந்தவள் என்பதை மறத்தலாகாது. துறவு, துறப்பவரின் தெரிவாக இருக்கும்போதே அறமாகும். பிறரைத் துறக்கச் சொல்வது எளிது. மணப்பெண்ணுக்கு நிறம் பார்க்கும் ஒரு சமூகம், நாற்பத்தெட்டு வயதுப் பெண்ணொருத்தி தன் முகத்திலுள்ள மங்கைப் போக்க விரும்பினால் அதனை வீண் ஆசை என இகழ்வதற்கு என்ன உரிமை உடையது?

எனவே, விருப்பத்தைக் கடிவதினும் அதன் தோற்றுவாயை ஆராய்தல் பயனுடையது. மகளின் மகிழ்ச்சியிற் பங்குகொள்ளத் தன்னை அணிசெய்துகொள்ளும் விருப்பம் ஒன்று. மாப்பிள்ளை வீட்டார் முன் தன் முகம் குறையாகக் கருதப்படுமோ என்னும் நாணத்திற் பிறக்கும் விருப்பம் மற்றொன்று. புறத்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. ஒரே சிகிச்சையைத்தான் இரண்டும் நாடும். யாரும் பாராதவிடத்தும் அவள் இதனை விரும்புவாளா என்பதைச் சிலர் உரைகல்லாகக் கொள்வர். அது போதிய உரைகல் அன்று. முகம் என்பதே பிறர் காண அமைந்தது. அதனினும் பொருத்தமான உரைகல் வேறொன்றுண்டு. சிகிச்சை வேண்டாமென அவள் மறுத்தால் அவளுடைய மதிப்பு எவ்வகையிலேனும் குறையுமா? குறையும் எனின், உரிப்பா ஊசியா என்னும் தெரிவு சுதந்திரமான தெரிவாகாது. மறுப்பதற்கு இழுக்கு நேராதவிடத்தே ஏற்பதும் சுதந்திரமாகும்.

இவ்வினாவுக்கு நீதி சார்ந்த ஒரு பக்கமும் உண்டு. இரு சிகிச்சைகளின் பின்னரும் வெயிலைத் தவிர்த்தல் இன்றியமையாதது. மங்கின் இயல்போ, வெயில் பட்டவுடன் மீண்டும் தலைகாட்டுவது. நிழலிலிருந்து தொழில் புரிவோருக்கு இவ்வறிவுரை ஒரு சிறு தொல்லை. கருவாட்டு வாடியில் நிற்பவளுக்கோ அது வாரக்கணக்கான வருமானம். வெயிலின்றிக் கருவாடு இல்லை. சிகிச்சைக்கான பணத்தைத் தங்கை தரலாம். சிகிச்சைக்குப் பின்னான ஓய்வை யார் தருவார்? ஓய்வெடுக்க இயலாதவருக்கு முன்வைக்கப்படும் சிகிச்சை, அவர் நின்று வாழும் வாழ்வைக் கணக்கிற் கொள்ளாதது. இரண்டு சிகிச்சைகளுக்கும் வசதியற்றோரின் நிலை இதனினும் கொடிது. அவர்களை நாடி வருவது மலிவான வெண்மைக் களிம்பு. சிறுநீரகத்தைத் தாக்கும் பாதரசம் அத்தகைய களிம்புகள் பலவற்றிற் கண்டறியப்பட்டதனாலேயே, 2013 இல் நிறைவேறிய மினமாட்டா உடன்படிக்கை அவற்றையும் தடைக்குட்படுத்தியது. ஒருவருடைய தெரிவின் எல்லையை அவருடைய அறிவினும் அவருடைய வருவாயே பெரிதும் வகுக்கிறது.

வைத்தியரின் கடமை யாது என்னும் வினாவுக்குப் பழந்தமிழ்ப் பாடலொன்று துணைசெய்கிறது. புறநானூற்றின் 195 ஆம் பாடலில் நரிவெரூஉத்தலையார், மீன்முள் போல் நரைத்த மயிரும் திரைந்த கன்னமும் உடைய முதியோரை விளித்து, நன்மை செய்ய இயலாவிடினும் தீமை செய்தலைத் தவிர்க்குமாறு வேண்டுகிறார். முதுமை அடைந்தமை பற்றி அன்று, முதுமைக்கேற்ற பயனை அடையாமை பற்றியே அவர் இடித்துரைக்கிறார். தீங்கு செய்யாமை என்னும் அவ்வேண்டுகோள் மருத்துவ அறத்தின் முதற் பாடமுமாகும். அதே நூலின் 191 ஆம் பாடலில், ஆண்டுகள் பல கடந்தும் நரை தோன்றாமைக்குப் பிசிராந்தையார் காட்டும் காரணங்கள் மருந்துகள் அல்ல. மனைவி, மக்கள், ஏவலர், அரசன், ஊரிலுள்ள சான்றோர் ஆகிய சுற்றத்தின் பண்பினையே அவர் காரணமாகக் காட்டுகிறார். நரையைச் சுற்றம் தடுக்குமா என்பது வேறு. ஒரு முகம் எவ்வாறு முதுமையடைகிறது என்பதில் அதனைச் சூழ்ந்திருப்போருக்கும் பொறுப்பு உண்டு என்னும் உண்மை அதனுள் அமைந்திருக்கிறது.

இவற்றைக் கொண்டு நோக்கின், வைத்தியர் முன்வைக்க வேண்டியவை இரண்டு வழிகள் மட்டும் அல்ல. அவளுடைய தோலுக்கும் தொழிலுக்கும் நுண்ணூசி முறை ஒப்பீட்டளவில் ஏற்றதாகலாம் எனவும், அதுவும் வாடியில் வேலை குறைந்த காலத்திலே தூய கருவிகளோடு செய்யப்பட வேண்டும் எனவும் அவர் கூறுதல் தகும். மென்மையான உரிப்பும் இயலும் எனவும், ஆழமான உரிப்பு தகாது எனவும் கூறுதல் தகும். அகன்ற தொப்பியும் வெயிற்காப்புப் பூச்சும் இன்றி எதுவும் நிலையாது என்பதையும், எதுவும் செய்யாதிருத்தலும் மருத்துவ நோக்கிற் குற்றமற்ற வழியே என்பதையும் அவர் மறையாது கூறல் வேண்டும். தங்கையும் ஒன்று கூற வேண்டும்: சிகிச்சை செய்தாலும் செய்யாவிட்டாலும் மகளின் அருகே, படத்தின் நடுவே நிற்பவள் அக்காவே என்பதை. அப்பணத்தை வாடியில் மீன் வெட்டுமிடத்துக்கு ஒரு நிழற்கூரை அமைக்கப் பயன்படுத்தலாமா எனவும் அவள் கேட்கலாம். அதைக் கட்டளையாக அன்றி, மேலும் ஒரு வழியாகவே கேட்கலாம்.

தமிழில் ‘திரை’ என்னும் சொல் கடலின் அலைக்கும் தோலின் சுருக்கத்துக்கும் பொதுவானது. கரையில் வாழ்ந்து வெயிலிற் காய்ந்த முகத்தில் இரண்டு பொருளும் ஒன்றாக எழுதப்பட்டிருக்கின்றன. அதனைக் காப்பதோ களைவதோ அவளுடைய உரிமை. அவ்வுரிமையை அவள் அச்சமின்றியும் நாணமின்றியும் செலுத்துதற்கு வேண்டிய சூழலை அமைப்பது வைத்தியர், உறவினர், ஊரவர் ஆகிய மற்றையோரின் கடமையாகும். அக்கடமை நிறைவேறியபின் அவள் ஊசியைத் தெரிந்தாலும், உரிப்பைத் தெரிந்தாலும், வழமைபோல் வாடிக்குத் திரும்பினாலும், அம்முடிவு அவளுடையதாகவே இருக்கும்.