நண்பனைக் காட்டிக்கொடுத்த சாகா

ஸ்வீடனையும் டென்மார்க்கையும் இணைக்கும் ஓரெசுண்ட் பாலத்தில், எல்லைக்கோட்டின்மேல் கிடக்கும் சடலத்தோடு 2011இல் தொடங்கியது ‘தி பிரிட்ஜ்’. இரு நாட்டு மொழிகளும் கலந்து ஒலிக்கும் அந்தத் தொடரின் இரண்டாம் பருவ முடிவு பார்வையாளர்களைப் பிரித்துவிட்டது. டென்மார்க் காவல் அதிகாரி மார்ட்டினின் மகனைக் கொன்ற ஜென்ஸ் சிறையில் இறந்துகிடக்கிறான். கொன்றது மார்ட்டின்தான் என்று கண்டுகொள்ளும் ஸ்வீடன் காவல் அதிகாரி சாகா, தன் ஒரே நண்பனான அவனைச் சட்டத்திடம் ஒப்படைக்கிறாள். இது துரோகமா, அறமா?

அறம் என்றே சொல்வேன். விதியைத் தவிர வேறொன்றும் அறியாதவள் செய்ததில் அறம் ஏது என்று கேட்கிறார்கள். ஆனால் முதல் பருவ முடிவில், மார்ட்டின் கொலைகாரனாகிவிடக் கூடாதென்று, பொய்யே வராத அதே சாகா பொய் சொல்ல முயல்கிறாள். அன்பு அவளுக்குத் தெரியும். அதனால்தான் இந்த உண்மைக்கு அவள் கொடுத்த விலை பெரிது.

ஒளிந்திருக்கும் நண்பனைத் தேடிவரும் கொலைகாரனிடம்கூடப் பொய் சொல்லலாகாது என்று 1797இல் தத்துவவாதி கான்ட் எழுதியதோடு இதை ஒப்பிட்டு, ஈரமற்ற நேர்மை என்கிறார்கள் சிலர். அந்த ஒப்பீடு பொருந்தாது. கான்ட் காட்டும் நிலையில் உண்மை ஒரு நிரபராதியைப் பலிகொடுக்கக்கூடும். இங்கே மௌனம்தான் ஒரு கொலையை மூடிமறைக்கும். ஜென்ஸ் கொடியவன், ஆனாலும் கைதியாக அரசின் காவலில் இருந்தவன். மகனை இழந்த தகப்பனின் வலி தண்டனையைக் குறைக்கக் காரணமாகலாம், நீதிமன்றம் அதைக் கேட்கட்டும். அதைக் கேட்கவிடாமல் தடுக்கும் உரிமை நட்புக்கு இல்லை. நண்பனின் கடமை தண்டனைக் காலத்தில் அவனைக் கைவிடாதிருப்பது.