திருநாளைப்போவாரும் கோபாலகிருஷ்ண பாரதியாரும்

புரட்டாசித் திங்கள் உரோகிணி நாளிலே, திருநாளைப்போவார் குருபூசையை முன்னிட்டு, ஒரு திருமடத்திலே பெரியபுராண விரிவுரை செய்யும் பேறு எமக்கு வாய்த்தது. விரிவுரை முடிந்ததும், கேட்டிருந்த அன்பர் ஒருவர் எழுந்து, "ஐயா, வேதியரையும் நாற்பது வேலி நிலத்தையும் விட்டுவிட்டீர்களே!" என்று வருத்தத்தோடு கூறினார். அவர் சைவ அனுட்டானம் வழுவாதவர், திருநீற்றில் பேரன்புடையவர். ஆயினும், சேக்கிழார் சுவாமிகள் அருளிய புராணத்தில் அவ்விரண்டும் இல்லை என்பதை அன்றுவரை அறியார். அவரை யாம் குறைகூறோம். அவர் நாயனாரைப் பாட்டிலே கண்டவர், ஏட்டிலே கண்டவரல்லர்.

திருவாரூரில் தோன்றிய தியாகையர், முத்துசாமி தீக்ஷிதர், சியாமா சாஸ்திரிகள் ஆகிய மூவரும் கீர்த்தனத்தின் அமைப்பிலும் இராகங்களின் நடையிலும் இன்றளவும் ஆட்சி செலுத்துகின்றனர் என்பது இசைவாணர் யாவர்க்கும் ஒப்பமுடிந்தது. கோபாலகிருஷ்ண பாரதியாருடைய ஆட்சியோ வேறு வகையது. நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்திற் பிறந்து, மாயூரத்தின் பக்கத்திலுள்ள ஆனதாண்டவபுரத்தில் நெடுங்காலம் வாழ்ந்த அப்பிரமசாரியார், இராகங்களையன்றி ஓர் அடியாருடைய வரலாற்றையே மாற்றியமைத்தார். அம்மாற்றம் நிலைத்தும் விட்டது. 1935-ஆம் ஆண்டிலே கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரும், 1942-ஆம் ஆண்டிலே தேவார இசையில் வல்ல தண்டபாணி தேசிகரும் நந்தனாராகத் தோன்றிய திரைப்படங்கள் இரண்டும் பாரதியார் கதையையே தழுவின. கதாகாலட்சேபம் செய்வோரைச் சொல்லவே வேண்டா.

ஆகலின் ஈண்டு ஒரு வினா எழுகின்றது. பிரமாண நூலில் இல்லாத ஒன்றை அடியார் வரலாற்றிற் சேர்த்துப் பாடிய பாட்டு, கேட்பார்க்குச் சிவபத்தியை விளைப்பதாயின், அதனைப் பொய்யென்று விலக்குவதா? பயன் நோக்கி மெய்யென்று கொள்வதா?

முதற்கண் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உள்ளவாறு காண்டல் வேண்டும். சேக்கிழார் கூறும் நாயனார் எவர்க்கும் அடிமைத்தொழில் செய்தவரல்லர். ஊரார் விட்ட பறைத்துடவையை உணவுரிமையாகக் கொண்டு, பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழ் வீணைகளுக்கு நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் அளித்துத் தொண்டு புரிந்தவர். அவர் வாழ்ந்த சேரியைச் சேக்கிழார் பாடும் பாட்டுக்களைப் படிப்போர், தோலின்மேல் துயிலும் குழவியையும், மரத்திலே தொங்கும் பறையையும், நாய்க்குட்டிகளையும் கோழிப்பார்ப்பையும் கண்ணெதிரே காண்பர். சோழப் பேரரசின் அமைச்சராய் இருந்த ஒருவர் அச்சேரியை இவ்வளவு அணுகிப் பார்த்திருக்கின்றாரே என்று யாம் வியப்பதுண்டு. இனி, தில்லைக்குச் செல்லும் வேட்கை மிக்கு இரவெல்லாம் துயிலாதிருந்த நாயனார், விடிந்ததும் தம் குலத்துக்கு அது பொருந்தாதென்று தாமே ஒழிவார். மீண்டும் வேட்கை எழும். "நாளைப் போவேன்" என்பார். தடை அவர் நெஞ்சினுள்ளேயே நின்றது.

பாரதியாரோ, ஆதனூரிலே நிலமுடைய வேதியர் ஒருவரை நிறுத்தி, நாயனாரை அவருடைய பண்ணையாளாக்கினார். நாற்பது வேலி நிலத்தையும் விளைவித்த பின்பே தில்லைக்குப் போகலாம் என்று அவ்வேதியர் கூற, ஓரிரவிலே சிவபூதங்கள் அவ்வேலையை முடித்ததாகப் பாடினார்.

இம்மாற்றமே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களுக்கு உடன்பாடாகவில்லை. பாரதியார் தம் நூலுக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டியபோது, புராணத்தொடு முரணுதலையும் சொற்குற்றங்களையும் கருதிப் பிள்ளையவர்கள் நெடுநாள் தாழ்த்தார்கள். பின்பு பாரதியார் பாடக் கேட்டு மனமுருகி அதனை அளித்தார்கள் என்பது மகாமகோபாத்தியாயர் சாமிநாதையரவர்கள் எழுதியவற்றால் தெரியவருகின்றது. இவ்வரலாற்றைச் சொல்வோர் பலரும் இசையின் வெற்றியென்றே சொல்லி மகிழ்வர். எமக்கு அத்துணை மகிழ்ச்சியில்லை. உருக்கம் ஐயத்தை மறப்பித்ததா, தீர்த்ததா என்பது ஆராயத்தக்கது. இரண்டும் ஒன்றல்ல.

உயிர் சார்ந்ததன் வண்ணமாந் தன்மையது என்பது நம் சித்தாந்தத் துணிபு. நூலைப் படிப்போன் பொருளை எதிரே வைத்து நோக்குகின்றான். பாட்டிலே தோய்ந்தவனோ அப்பொருளாகவே நிற்கின்றான். நந்தனார் கீர்த்தனத்தைக் கேட்போன் அந்நாழிகையில் நந்தனாரே ஆவான். ஆகலின், பாட்டிலே வைக்கப்படும் ஒரு பிழை நூலிலே வைக்கப்படும் பிழையினும் ஆழமாகச் சென்று பதியும். நூற்பிழையை மறுப்புரை களையும். பாட்டிற் பதிந்த பிழையை எந்த மறுப்புரை களையவல்லது? இக்காரணத்தால் யாம் பல்லாண்டுகள் பிள்ளையவர்களுடைய முதற் கருத்தின் பக்கமே நின்றோம்.

அந்நிலையை அசைத்தது மேற்கூறிய அன்பரே. மறுநாள் அவரை அழைத்து, பறைத்துடவையைக் கூறும் பாட்டையும் இரவுத் துயிலாமையைக் கூறும் பாட்டையும் படித்துக் காட்டினோம். அமைதியாகக் கேட்டிருந்தவர், "பண்ணையார் ஒருவரும் இல்லையென்றால், அவரைத் தடுத்தவர் யார், ஐயா?" என்றார். "அவர் நெஞ்சமே" என்றோம். "அந்நெஞ்சத்துக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் யார்?" என்றார். யாம் உடனே விடை கூறிலேம்.

குலத்துக்குப் பொருந்தாது என்னும் எண்ணம் நாயனாருடைய அன்பிலிருந்து பிறந்ததன்று. அவரைச் சூழ்ந்த ஊர் வாய்திறவாமலே கற்பித்த பாடம் அது. கற்பித்தவர் பலராகலின் ஒருவர் பெயரும் புராணத்தில் இல்லை. அப்பலரையும் ஓருருவாக்கி, பெயரில்லாத தடைக்கு ஒரு முகம் கொடுத்தார் பாரதியார். தாம் பிறந்த வேதியர் குலத்திலிருந்தே அம்முகத்தை எடுத்தார் என்பதும் நோக்கத்தக்கது. அன்றியும், அவருடைய சரித்திரத்திலே வேதியர் முடிவில் தம் செருக்கு அழிந்து நாயனாரை வணங்குகின்றார். மலபரிபாகம் வேண்டிநின்ற உயிர் நாயனாருடையதன்று, அவ்வேதியருடையதே. புராணத்திலே தில்லைவாழந்தணர் இறைவன் பணித்தபடி எரி வளர்த்து அஞ்சலி செய்கின்றனர். அவர்களுள் ஒருவருடைய ஆணவம் தேய்ந்த வரலாறு அங்கே சொல்லப்படவில்லை. அக்குறையைப் பாரதியார் நிரப்பினார் என்றால், அது பொய் புனைதலாகாது, விரித்துரைத்தலேயாம்.

அற்றேல், நாற்பது வேலியும் விரித்துரைத்தலேயோ எனின், அன்று என்க. அதனை யாம் இன்றும் உடன்படோம். விளைவித்துத் தந்தாலன்றி விடேன் என்னும் நிபந்தனையை இறைவனுடைய பூதங்களே நிறைவேற்றினால், அந்நிபந்தனை நியாயமென்று இறைவனே ஒப்பியதாக முடியும். திருவருள் நிலக்கிழார்க்குக் கூலியாள் ஆயிற்று! திருப்புன்கூரிலே நந்தியை விலக்கியருளியவன் செயலோடு இது சிறிதும் ஒவ்வாது. அங்கே அடியார் காணும்பொருட்டுத் தடை விலகியது. இங்கே தடை கேட்ட விலை கொடுக்கப்பட்டது. ஆயினும் மக்கள் மிகுதியாகச் சுவைப்பது அவ்வறுவடையையே. விளைந்து நின்ற நெல்லைப் பாகவதர் வருணிக்கும்போது சபையில் எழும் ஆரவாரம் வேறெப்பகுதிக்கும் எழக் கண்டிலேம்.

ஆதலின், கீர்த்தனத்தை மடங்களிற் பாடலாகாதென்னும் சில பெரியோர் கருத்தை யாம் ஏற்கின்றிலேம். குருபூசை நாளில் முதலில் ஓதுவார் புராணத்தை முற்ற ஓதுக. அதன்பின் பாரதியார் பாடல்கள் நிகழ்க. அறுவடை வருமிடத்திலே, இது பாரதியார் கூற்று, சேக்கிழார் கூற்றன்று என்று விரிவுரையாளர் ஒருமுறை சொல்லிவிடுக. சென்ற குருபூசையில் அவ்வாறே செய்தோம். அவ்வன்பரும் வந்திருந்தார். அறுவடைப் பாடல் தொடங்கியதும் எம்மைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்துக் கேட்கலானார்.