குழந்தையின் கை மாவில் படலாமா?

தாய் சப்பாத்திக்கு மாவு பிசைகையில் குழந்தையும் கைநீட்டுகிறது. தடுப்பதா, சேர்ப்பதா?

ஐதராபாத் காஞ்சன்பாக்கில், 1973-இல் நிறுவப்பட்ட மிஸ்ர தாது நிகாமின் உலைகளில் டைட்டானியம் உருகுகின்றது. அவ்வுலையருகே குழந்தைக்கு இடமில்லை, அது நீதி. ஆனால் அவ்வூர் இல்லங்களிலும் அடுப்பு எரிகின்றதன்றோ? ஆங்கு நீதி யாது?

ஆலையில் உழைத்துத் தேய்ந்தவன் யான். குழந்தை வேலை செய்யக் கண்டால் நெஞ்சம் பதறும். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம், பதினான்கு வயது நிரம்பாதோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாதென்றது. பள்ளி நேரம் போகக் குடும்பத்தார்க்கு உதவலாமென்றும் விலக்களித்தது. உதவி எங்கு முடிந்து சுரண்டல் எங்குத் தொடங்குகின்றது?

ஒரு செயலைச் செய்யுமுன்னும், செய்யும்போதும், செய்தபின்னும், அதனால் தனக்கோ பிறர்க்கோ தீங்குண்டோவென ஆராயுமாறு இராகுலனுக்குப் பகவன் போதித்தார். பெற்றோரும் அங்ஙனமே ஆராய்க. சப்பாத்தி கோணியதற்குச் சினம் எழுமாயின், நாம் வேண்டியது குழந்தையின் உழைப்பையே. மகளை மட்டும் அடுக்களைக்கு அழைத்து மகனை விளையாட விடுவோமாயின், கற்பிப்பது அடிமைத்தனமே. இருவரையும் அழைத்து, கோணலையும் மகிழ்ந்துண்போமாயின், அதுவே கல்வி.

நெருப்பை நாம் காப்போம். மாவைக் குழந்தைகளிடம் கொடுப்போம்.