அடைகோழிக்கும் ஒரு திருநாள்



நேற்று மாட்டுப் பொங்கல். சூளகிரியைச் சுற்றியுள்ள ஊர்களில் மாடுகளைக் குளிப்பாட்டினீர்கள், கொம்புக்கு வண்ணம் பூசினீர்கள், சலங்கை கட்டினீர்கள். இன்று ஜனவரி 17, வனத்து அந்தோணியார் திருநாள். கால்நடைகளின் பாதுகாவலர் அவர். அதனால் ஆட்டையும் மாட்டையும் ஆலய வாசலுக்கு ஓட்டி வந்து மந்திரித்துக்கொள்கிறீர்கள். இந்த இரண்டு நாளிலும் யார் நினைவுக்கும் வராத ஓர் உயிர் வீட்டுக்கு வீடு இருக்கிறது. அது கோழி. இன்று அதைப் பற்றியும், அதன் உடம்பில் மேயும் செள்ளு, பேன், உண்ணி பற்றியும் பேசப்போகிறேன்.

பீடத்தில் பேசத் தகுந்த பொருள்தான் இது. எருசலேமை நினைத்து மனம் கசிந்தபோது ஆண்டவர் தம் அன்புக்கு எதை அடையாளம் காட்டினார் என்று மத்தேயுவும் லூக்காவும் எழுதியிருக்கிறார்கள். சிங்கத்தையோ கழுகையோ அவர் சொல்லவில்லை. குஞ்சுகளைச் சிறகுக்குள் கூட்டிக்கொள்ளும் கோழியைச் சொன்னார். ஏதோ ஒரு கலிலேய வீட்டு முற்றத்தில் அதைக் கண்ணாரப் பார்த்திருப்பார்.

அந்தக் கோழி அடையில் இருக்கும் 21 நாளை நினைத்துப் பாருங்கள். நாளுக்கு ஒருமுறை இரைக்கும் தண்ணீருக்கும் எழுந்துபோகும்; உடனே திரும்பிவிடும். கூடை இருட்டு, வைக்கோல் உலர்ந்தது, உடம்பு சூடு. சிற்றுண்ணிக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. பகலில் கூடையின் இடுக்கிலும் சுவர் வெடிப்பிலும் பதுங்கும். இரவில் ஏறி வந்து இரத்தம் குடிக்கும். வெயில் காலத்தில் ஒரு வாரம், பத்து நாளுக்குள் அடுத்த தலைமுறை வந்துவிடும். ஒரு கோழி அடைகாத்து எழுவதற்குள் இரண்டு, மூன்று தலைமுறை அதன் இரத்தத்தில் வளர்ந்திருக்கும். சிவந்த கொண்டை வெளுத்துப்போகும். நெஞ்செலும்பு கைக்குத் தட்டுப்படும். சில கோழிகள் தாங்க மாட்டாமல் முட்டையை விட்டு எழுந்துவிடுகின்றன. சில எழாமல் முட்டையின் மேலேயே செத்துக்கிடக்கின்றன. நாமோ முட்டையெல்லாம் கூமுட்டையாகப் போச்சு, கண்ணு பட்டுவிட்டது என்கிறோம்.

இந்த உண்ணியைப் பாவத்துக்கு உவமையாக்கி மறையுரையை முடித்துவிடலாம். எனக்கு அதில் விருப்பமில்லை. அந்தக் கோழியின் வேதனை தன்னளவிலேயே கடவுள் முன் எண்ணப்படுகிறது. நல்லவர் தம் கால்நடையின் தேவையை அறிந்து நடப்பார் என்று நீதிமொழிகள் நூல் கற்பிக்கிறது. ஒவ்வோர் உயிருக்கும், நமக்குப் பயன்பட்டாலும் படாவிட்டாலும், கடவுள் முன் மதிப்பு உண்டு என்பதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் தந்த 'லவுதாத்தோ சி' மடலில் அழுத்திச் சொன்னார். அடையிலிருக்கும் கோழியால் முட்டையைக் கைவிடாமல் தன் துன்பத்தை விட்டு விலக முடியாது. விலக்கிவிடும் கை உங்களுடையது.

பொதுவாகக் கோழி தன்னைத் தானே காத்துக்கொள்ளும். மண்ணைக் கிளறிப் புழுதியில் புரண்டால் பேனும் செள்ளும் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். ஆனால் ஓசூரிலும் சிப்காட் தொழிற்பேட்டையிலும் வேலைக்கு வருகிறவர்களுக்காக வரிசையாக லைன் வீடு கட்டினோம். முற்றம் முழுக்க சிமெண்ட் போட்டோம். கோழி புரள மண் எங்கே? ஒரு பழைய டயரிலோ தொட்டியிலோ மணலும், வெந்நீர் அடுப்புச் சாம்பலும், காய்ந்த வேப்பிலைத் தூளும் கலந்து மழை படாத மூலையில் வையுங்கள். அது போய்ப் புரளும்.

அடை வைக்கும்போது இடிக்குப் பயந்து முட்டையோடு கரியும் இரும்புத்துண்டும் வைக்கிறீர்கள். அதற்கு முன்னால் பழைய வைக்கோலை எரித்துவிடுங்கள். கூடையை வெயிலில் நன்றாகக் காயவிட்டு, புது வைக்கோல் போடுங்கள். கூண்டுக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். மாட்டு உண்ணிக்கு மரபுவழி மருத்துவத்தில் சொல்லும் கரைசல் ஒன்று உண்டு: பத்துப் பல் பூண்டு, 10 கிராம் வசம்பு, 20 கிராம் மஞ்சள்தூள், வேப்பிலை, வேப்பம்பழம், துளசி, உண்ணிச்செடி இலை ஒவ்வொரு கைப்பிடி. அரைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கி வடிகட்டி, வாரம் ஒருமுறை கூண்டின் வெடிப்புகளில் தெளியுங்கள். உண்ணி குடியிருப்பது அங்கேதான். கோழியை மட்டும் கவனித்துக் கூண்டை விட்டுவிட்டால் பாடெல்லாம் வீண். காலில் செதில் தூக்கிச் சொரசொரப்பாக இருந்தால் அதுவும் ஒருவகைச் சிற்றுண்ணிதான். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்து, வேப்பெண்ணெய் தடவி வாருங்கள்.

இப்போது சொல்வதைத் தாய்மார்கள் கவனமாகக் கேளுங்கள். கொத்தமல்லியும் தக்காளியும் முட்டைக்கோசும் விளையும் ஊர் இது. பல வீட்டில் பயிருக்கு அடிக்கும் மருந்து கோழிக்கூண்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதில் கொஞ்சம் எடுத்துக் கோழி மேல் தெளித்தால் என்ன என்று தோன்றும். 2017-ல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் அப்படித்தான் ஆனது. கோழிப்பண்ணைச் சிற்றுண்ணியை ஒழிப்பதாகச் சொன்னவர்கள் ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லியைக் கலந்து அடித்தார்கள். உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அங்கே அது தடைசெய்யப்பட்டிருந்தது. மருந்து முட்டைக்குள் இறங்கியது. பல நாடுகளில் லட்சக்கணக்கான முட்டைகளை அழித்தார்கள். நம் ஊரில் முட்டைக்கோசுக்கும் மிளகாய்க்கும் அடிக்கிற மருந்துகளில் அதுவும் ஒன்று. அந்த முட்டையை உங்கள் பிள்ளைதானே சாப்பிடும்? மண்ணெண்ணெய் தடவுவதும் வேண்டாம், தோல் வெந்துவிடும்.

மருந்து தேவைப்பட்டால் கோழியைக் கூடையில் வைத்து அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். எவ்வளவு கலக்க வேண்டும், எத்தனை நாள் முட்டையை எடுக்கக்கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பேன் முட்டையை மருந்து கொல்லாது. மருத்துவர் சொல்லும் நாளில் இரண்டாம் முறையும் போட வேண்டும். மத்திகிரியில் 1824-ல் படைக்குதிரைகளுக்காகத் தொடங்கிய பண்ணை இன்றும் இருக்கிறது. கோழி வளர்ப்புக்கென்றே ஒரு கல்லூரியும் அங்கே நடக்கிறது. ஒரு பஸ் தூரம். சந்தேகம் கேட்கத் தயங்காதீர்கள்.

இளைஞர்களே, ஷிப்ட் முடிந்து வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் பங்கில் தனியாக வாழும் பாட்டிமார் பலருக்கு முட்டை விற்ற காசுதான் மாத்திரைக்கும் பஸ்ஸுக்கும். அவர்களுக்கு இரவில் கண் தெரியாது, குனிந்து கூண்டைச் சுத்தம் செய்ய முடியாது. இன்று இரவே செல்போன் விளக்கோடு போங்கள். கோழி உட்காரும் கம்பின் அடிப்பக்கத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் சிவப்பாக இழுத்தால், வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் சுண்ணாம்பு வாளியோடு அந்த வீட்டுக்குப் போய்விடுங்கள்.