இருளில் நிற்கும் மனிதர்கள்



பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதையும் ஈமானின் கிளைகளில் ஒன்றாக அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணிக் காட்டினார்கள். இதைக் கேட்டதும் ஒரு முள், ஒரு கல் என்பதோடு நம் நினைப்பு நின்றுவிடுகிறது. ஆனால் இன்று பாதை மண்ணுக்கு அடியிலும் ஓடுகிறது. அங்கும் முள்ளெடுக்க ஆள் வேண்டும்!

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் 1904-ஆம் ஆண்டு முதல் சுரங்க ரயில் ஓடுகிறது. பல நகரங்களில் நள்ளிரவில் வண்டிகளை நிறுத்திவிட்டு, விடிவதற்குள் தண்டவாளத்தைச் செப்பனிடுவார்கள். நியூயார்க்கிலோ இரவும் பகலும் வண்டி ஓடுகிறது. ஆகவே வண்டிகள் போய்வரும்போதே வேலையும் நடக்க வேண்டியிருக்கிறது.

அங்கே பணிபுரியும் நம் உறவினர் ஒருவர் ஊர் வந்திருந்தபோது சொன்னார்: "காலையில் வேலைக்குப் போகும்போது வண்டி திடீரென்று ஊர்ந்து போகும். ஊதல் கேட்கும். ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் விளக்குகள் தெரியும். ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட நாலைந்து பேர் சுவரோடு ஒட்டி நிற்பார்கள். ஒருவர் கைவிளக்கை ஆட்டுவார். அவ்வளவுதான், இருளில் மறைந்துவிடுவார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுப்பேன். ஒருநாள் அவர்களில் ஒருவருடைய முகம் என் முகத்துக்கு நேராக வந்தது, ஹஜ்ரத். வாப்பாவின் வயது இருக்கும். அன்றிலிருந்து வண்டி மெதுவானால் அவர்களுக்காக துஆச் செய்கிறேன்."

சிந்தியுங்கள்! அந்தத் தாமதம் ஓர் உயிரைக் காக்கும் தாமதம். பக்கத்திலேயே 600 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் பாயும் மூன்றாவது தண்டவாளம். எதிரே வரும் வண்டி. இரண்டுக்கும் நடுவே மனிதன். 2007 ஏப்ரலில் ஒரே வாரத்திற்குள் அந்நகரில் இரண்டு தண்டவாளப் பணியாளர்கள் ரயில் மோதி இறந்தார்கள். அவர்கள் வீட்டிலும் வாசலைப் பார்த்துக் காத்திருந்தவர்கள் உண்டல்லவா?

'சம்பளத்திற்குத்தானே செய்கிறார்கள்?' என்று சிலர் கேட்பார்கள். சம்பளம் கொடுப்பதால் நன்றிக்கடன் தீர்ந்துவிடாது. மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவராக மாட்டார் என்பது நபிமொழியின் கருத்து.

மஸ்ஜிதுந் நபவியைப் பெருக்கிவந்த ஒரு பெண்மணியைச் சில நாட்களாகக் காணவில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். மௌத்தாகிவிட்டார் என்றார்கள் ஸஹாபாக்கள். அதை ஒரு பெரிய விஷயமாக அவர்கள் கருதியிருக்கவில்லை. 'எனக்கு அறிவித்திருக்கக் கூடாதா?' என்று வருந்திய நாயகம் (ஸல்) அவர்கள், கப்று எங்கே என்று கேட்டுச் சென்று அவருக்காகத் தொழுதார்கள். குப்பை இருக்கிறதா என்று பார்க்கவில்லை. பெருக்கியவர் எங்கே என்று பார்த்தார்கள்!

நாம் எப்படி? வெட்கத்தோடு சொல்கிறோம். நம் பள்ளிவாசலில் ஹவுது கழுவும் பெரியவர் பத்து நாட்கள் வரவில்லை. 'தண்ணீர் ஏன் பாசி பிடித்திருக்கிறது?' என்றுதான் நாம் கேட்டோம். அவர் காய்ச்சலில் படுத்திருந்தது பின்னர்தான் தெரிந்தது. மிம்பரில் நின்று மேற்சொன்ன ஹதீஸைப் பலமுறை ஓதிய நமக்கே இந்த நிலை!

இன்னொன்றையும் அந்த உறவினர் சொன்னார். பயணிகள் வீசும் காகிதமும் குப்பையும் தண்டவாளத்தில் சேர்ந்து, மின்பொறி பட்டுத் தீப்பற்றுமாம். அந்தப் புகைக்குள்ளும் யாரோ ஒருவர் இறங்க வேண்டும். முள்ளை எடுக்க முடியாதவர், முள்ளைப் போடாமலாவது இருக்கலாமே!

இன்று உங்கள் தெருவில் சாக்கடை அள்ளுபவரின் பெயரைக் கேளுங்கள். அவருக்கு ஒரு குவளைத் தண்ணீர் கொடுங்கள். பிள்ளைகள் பார்க்கும்படி கொடுங்கள். நாளை அவர்களும் கொடுப்பார்கள்.

நம் பாதைகளைச் சீர்செய்வோரை வல்ல நாயன் பத்திரமாக வீடு சேர்ப்பானாக! அவர்களைக் காணும் கண்களை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.