எலிசா பானையைக் கவிழ்க்கவில்லை



தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் மறுபடியும் கடலுக்குப் போய்வருகின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கடற்கரையில் அடுப்பு எரிந்த விதமே வேறு. கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, முட்டை, பருப்பு என்று நாள்களை ஓட்டினீர்கள். மீன் இல்லாமல் சோறு இறங்காத வீடுகளில்கூடப் புதிதாக ஏதோ ஒன்று கொதித்தது. வீடு சந்திக்க வந்தபோது கிண்ணத்தில் கொடுத்துவிட்டு, "சாமி, இது போனைப் பார்த்து வச்சது, எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்று கேட்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள்.

அப்படிக் கேட்கும்போது உங்கள் முகத்தையும் பார்த்தேன். பழகிய குழம்பை வைக்கிறவருக்கு அந்தத் தயக்கம் கிடையாது. புதிதாக ஒன்றைச் செய்து பரிமாறுகிறவர் மட்டும் கரண்டியைக் கையில் பிடித்தபடி, முதல் கவளம் இறங்கும்வரை நகராமல் நிற்கிறார். அந்த நேரத்தில் நம் வாயிலிருந்து என்ன வருகிறது? "எங்க அம்மா வைக்கிற மாதிரி இல்லையே." "பேசாம ரசம் வச்சிருக்கலாம்." கல்யாணமாகி உள்நாட்டுப் பகுதியிலிருந்து கடற்கரைக்கு வந்த ஒரு பெண் முதன்முதலாக வைத்த மீன்குழம்பைப் பற்றி, பந்தியில் நாலு பேர் முன்னால் விழுந்த ஒரு சொல் எத்தனை வருடம் அவள் நெஞ்சில் கிடக்கும் தெரியுமா? மனைவியை அடக்கம் செய்துவிட்டு வந்து, பிள்ளைகளுக்காக முதன்முறையாக உலை வைத்த தகப்பனிடம் சோறு குழைந்துவிட்டது என்று சொல்ல நமக்கு மனம் வருமா? சாப்பாட்டில் குறை சொல்வதை நாம் பாவமாகவே எண்ணுவதில்லை. எண்ணிப்பார்க்க வேண்டும் என்று இன்று உங்களைக் கேட்கிறேன்.

இன்றைய முதல் வாசகம் அரசர்கள் இரண்டாம் நூல் 4ஆம் அதிகாரத்தில் 42ஆம் வசனத்திலிருந்து தொடங்கியது. பாகால் சாலிசா ஊர்க்காரர் ஒருவர் இறைவாக்கினர் எலிசாவிடம் கொண்டுவந்த 20 வாற்கோதுமை அப்பங்களை 100 பேர் உண்டார்கள், மீதியும் வைத்தார்கள். அதற்கு நேர் முன்னால், 38 முதல் 41 வரை, ஞாயிறு வாசகங்களில் நாம் கேட்காத ஒரு சமையல் நிகழ்ச்சி இருக்கிறது. இன்று மாலை வீட்டில் விவிலியத்தைத் திறந்து பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

கில்காலில் பஞ்சம். இறைவாக்கினர் குழுவினர் எலிசாவின் முன் அமர்ந்திருக்கிறார்கள். பெரிய பானையை ஏற்றிக் கூழ் சமைக்கும்படி அவர் பணியாளனிடம் சொல்கிறார். ஒருவர் கீரை பறிக்க வெளியே போகிறார். போன இடத்தில் காட்டுக் கொடி ஒன்றைக் காண்கிறார். அதன் காய்களை மேலாடை நிறையப் பறித்து வந்து, இன்ன காய் என்று தெரியாமலே அரிந்து பானையில் போட்டுவிடுகிறார். அது பேய்க்கும்மட்டியாக இருக்கலாம் என்பது அறிஞர் பலரின் கருத்து. நம் பக்கத்து மணல்வெளியிலும் படருகிற கொடிதான். அதன் கசப்பும் அது வயிற்றைப் படுத்தும் பாடும் பெரியவர்களுக்குத் தெரியும். வாயில் வைத்தவர்கள் அலறுகிறார்கள்: இறைவனின் அடியவரே, பானையில் இருப்பது சாவு! யாராலும் உண்ண முடியவில்லை.

பஞ்ச காலத்தில் ஒரு பெரிய பானைக் கூழ் என்றால் எவ்வளவு! அந்த மனிதரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். நல்லதென்று நினைத்துத்தான் வெயிலில் அலைந்து பறித்து வந்தார். இப்போது எல்லார் கண்ணும் அவர்மேல்.

எலிசா, "போட்டது யார்?" என்று கேட்டதாக ஒரு வரியும் இல்லை. கொஞ்சம் மாவு கொண்டுவரச் சொன்னார். அதைப் பானையில் போட்டார். எடுத்துப் பரிமாறுங்கள் என்றார். கேடு நீங்கியிருந்தது. அந்த மனிதரின் பெயரைக்கூட விவிலியம் நமக்குச் சொல்லவில்லை. இத்தனை நூற்றாண்டுகளாக அவரை யாராலும் பெயர் சொல்லி ஏச முடிந்ததில்லை. அந்தப் பந்தியில் அவரும் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டார் என்று நம்பவே எனக்கு விருப்பம்.

சாப்பிட்டவர்கள் உண்மையை மறைக்கவில்லை என்பதையும் பாருங்கள். கெட்டதைக் கெட்டது என்று உரக்கவே சொன்னார்கள். இரக்கம் காட்டப் பொய் பேச வேண்டியதில்லை. உப்புக் கூடியிருந்தால் சொல்லலாம். சொன்ன பிறகு நாம் செய்வது என்ன? தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறோமா, எழுந்துபோய் மாவைத் தேடுகிறோமா?

அன்பு மக்களே, இந்தப் பானை நம் வாழ்க்கையைப் போன்றதுதான். தெரியாமல் அரிந்து போட்டவை எத்தனை! பிள்ளைக்கு நல்லது என்று எடுத்த முடிவு அவனைத் தூரமாக்கியிருக்கலாம். குடும்பத்தைத் தூக்கி நிறுத்த வாங்கிய கடன் குடும்பத்தையே அழுத்தியிருக்கலாம். எல்லாம் கசந்துவிட்டதே என்று இந்த ஆலயத்தின் கடைசி வரிசையில் தலைகுனிந்து நிற்கிறவர் யாராக இருந்தாலும் கேளுங்கள்: ஆண்டவர் உங்கள் பானையைக் கவிழ்க்க வரவில்லை. ஏற்கெனவே அதில் கிடப்பதை வைத்தே உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் உண்ணவைக்க அவரால் முடியும்.

இனி நற்செய்திக்கு வருவோம். ஐயாயிரம் ஆண்களுக்கு ஆண்டவர் உணவளித்ததை நான்கு நற்செய்தியாளர்களும் எழுதுகிறார்கள். அப்பம் வாற்கோதுமையால் ஆனது என்றும் அதை வைத்திருந்தது ஒரு சிறுவன் என்றும் சொல்பவர் யோவான் மட்டுமே. வாற்கோதுமை ஏழைகளின் தானியம். திருவெளிப்பாடு நூலில் பஞ்ச விலை சொல்லப்படும் இடத்தில், ஒரு நாள் கூலிக்குக் கோதுமை ஒரு படி என்றால் வாற்கோதுமை மூன்று படி. விருந்துக்குச் செய்த அப்பமாக அது இருந்திருக்க முடியாது. ஏதோ ஒரு வீட்டில் அன்றாடம் சுடுகிற அப்பம், தொட்டுக்கொள்ள இரண்டு மீன். சுட்ட கை எது என்று யோவான் எழுதவில்லை. இத்தனை பேருக்கு இது எம்மாத்திரம் என்று அந்திரேயா கேட்டார். இயேசு அதைக் கையில் வாங்கி, நன்றி செலுத்தினார்.

வீட்டில் வைத்த சாதாரணக் குழம்பை அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வெட்கப்படுகிறீர்களே, அந்த வெட்கம் எதற்கு? பிரியாணி செய்யும் நாளில்தான் கிண்ணம் வெளியே போக வேண்டுமா? காய்ச்சலில் கிடக்கிறவருக்குக் கஞ்சியும் துவையலும் போதும். பிள்ளைகள் வெளிநாட்டுக் கப்பலிலும் வளைகுடாவிலும் இருக்க, ஒற்றை ஆளுக்கு எதற்குச் சமையல் என்று காலையில் வைத்த சோற்றிலேயே இரவையும் கழிக்கிற தாய்மார் நம் பங்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கு உங்கள் வீட்டுப் புளிக்குழம்பு வாசல் தேடி வருவதே விருந்து.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்காமல் விட என் மனம் இடம் தரவில்லை. நம் வீட்டுக் கிண்ணம் எந்தத் தெருவரைக்கும் போகிறது? போவது ஒருபுறம் இருக்கட்டும். எந்தத் தெருவிலிருந்து வந்தால் வாங்கி, மூடி வைக்காமல், பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம்? கொடுப்பது எளிது. கொடுக்கிறவர் மேலே நிற்கலாம். அடுத்தவர் சமைத்ததைச் சாப்பிடுவதில்தான் நாம் யார் என்பது வெளிப்படுகிறது.

திருத்தூதர் பேதுருவே இதில் தடுமாறினார். அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு ஒன்றாக உண்டுவந்தவர், யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பவுல் அவரை நேருக்கு நேர் எதிர்த்ததாகக் கலாத்தியர் திருமுகம் 2ஆம் அதிகாரம் சொல்கிறது. திருச்சபையின் தலைவரே என்றும் பாராமல் பவுல் குரலை உயர்த்தியது எதற்காக? யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதற்காக! நற்செய்தியின் உண்மையே அதில் அடங்கியிருப்பதாக அவர் கண்டார். நம் மண்ணின் புனிதர் தேவசகாயம், சாதி வேறுபாடு பாராமல் எல்லாரும் சமம் என்று அழுத்திச் சொன்னதும் மேட்டுக்குடியினரின் பகையை அவர்மேல் மூட்டியது. 1749இல் பிடிபட்டார், 1752இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டபோது நாமெல்லாம் வெடி போட்டோம். அவர் எந்தப் பந்தியில் உட்காரச் சொன்னாரோ அந்தப் பந்தியில் நாம் உட்கார்ந்திருக்கிறோமா?

இதைக் கேட்டு மனம் வருந்துகிறவர்கள் கலங்க வேண்டாம். அந்தியோக்கியாவில் பின்வாங்கிய பேதுருவைக் கடவுள் தள்ளிவிடவில்லை. அதற்கும் முன்னால், மும்முறை மறுதலித்த அதே மனிதருக்காகத்தான் உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடற்கரையில் கரி நெருப்பு மூட்டி, மீன் சுட்டு, சாப்பிட வாங்க என்று அழைத்தார். முதலில் பசியாற்றினார். அன்பு செய்கிறாயா என்ற கேள்வியைச் சாப்பிட்ட பிறகே கேட்டார். கரையேறும் களைப்பு உங்களுக்குத் தெரியும். அந்த வரிசையின் அருமையும் உங்களுக்கே நன்றாகப் புரியும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வருகிற ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் பங்குப் பள்ளி மைதானத்தில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவோம். சமையல்காரர் வேண்டாம். ஒவ்வொரு வீட்டிலும் அன்று என்ன சமைக்கிறீர்களோ அதையே கொஞ்சம் கூடுதலாக வைத்து எடுத்து வாருங்கள். புதிதாக ஒன்றைச் செய்துபார்க்க ஆசைப்படுகிறவர்கள் துணிந்து செய்து வாருங்கள். இளைஞர்களே, நீங்களும் அடுப்படிக்குள் போகலாம். படுக்கையில் இருப்பவர்களுக்கு முதலில் எடுத்து வைத்து மரியாயின் சேனையார் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். தெருவாரியாகவோ அன்பியவாரியாகவோ உட்கார வேண்டாம். வாசலில் பீடச் சிறுவர்கள் சீட்டு கொடுப்பார்கள். எந்தப் பந்தியின் எண் வருகிறதோ அங்கே உட்காருவோம், பக்கத்தில் இருப்பவர் கொண்டுவந்ததை முதலில் வாங்கிச் சாப்பிடுவோம். பாத்திரங்களில் உங்கள் பெயரை எழுதி ஒட்டிக்கொண்டு வாருங்கள்.

இப்போது எழுந்து நின்று நம் விசுவாசத்தை அறிக்கையிடுவோம்.