ஆட்டுவிப்பவன் யார்?

மேலே ஒருவன் இருந்து நூலைப் பிடித்து ஆட்டுகிறான், கீழே நாம் ஆடுகிறோம் என்ற கதையை நம்ப மறுத்தவர்கள் நாம். நன்று! ஆனால், நம்மில் ஓர் இளைஞன் நாடக இயக்கம் பயிலப் புறப்பட்டால் அவனை என்னென்பது? வானத்து நூலை அறுத்த கையாலேயே மேடையில் வேறொரு நூலைப் பிடிக்கப் போகிறானா? நில் என்றால் நிற்கவும், அழு என்றால் அழவும் மனிதரைப் பழக்கும் வேலைக்குப் பல்கலைக்கழகம் பட்டமும் அளிப்பதா?

விளையாட்டுக் கேள்வி அன்று இது, தோழர்களே! வரலாறே ஐயத்துக்கு இடம் தருகிறது. ஐரோப்பாவில், இன்றைய பொருளில் முதல் இயக்குநர் என்று பலரும் சுட்டுவது யாரைத் தெரியுமா? ஒரு செருமானியச் சிற்றரசரை! மைனிங்கன் கோமகன் இரண்டாம் கியார்க் என்பவரை. 1874-இல் அவருடைய குழு பெர்லின் நகரைத் திகைக்க வைத்தது. 1890-இல் அது மாஸ்கோவுக்கு வந்தபோது கண்டு மயங்கிய இளைஞர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி, அக்குழுவை நடத்திய குரோனெக் என்பவரின் கெடுபிடியையும் சேர்த்தே கற்றுக்கொண்டார். அந்த அடக்குமுறை தவறென்று பின்னாளில் அவரே தம் வரலாற்றில் எழுதினார். அரண்மனையில் பிறந்த தொழிலுக்கு அரசனின் சாயல் இருக்கத்தானே செய்யும்!

நம் நாட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? 1918-இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பயிற்றுவிப்பவரை அங்கே 'வாத்தியார்' என்றார்கள். (அந்தச் சொல்லின் எடை, அதே தொழில் பார்க்கும் எனக்குத் தெரியும்.) வளர்ந்த நடிகர்கள் கட்டுக்குள் நிற்பதில்லை, ஆகவே சிறுவர்கள்! வீட்டைப் பிரிந்த பிள்ளைகள் பாய்ஸ் கம்பெனிகளில் சோறும் உண்டார்கள், பாடம் பிசகினால் அடியும் உண்டார்கள். அந்தக் கலைக்கு நாம் கடன்பட்டவர்கள். அந்தப் பிரம்புக்கு அல்லவே அல்ல.

அப்படியானால் இயக்குநரே வேண்டாம் என்று முடித்துவிடலாமா? குமாரலிங்கபுரத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவன் ஒருவனின் தாய்மாமன் என்னிடம் அப்படித்தான் வாதிட்டார். "வள்ளி திருமணத்துக்கு எந்த டைரக்டர் வந்தான்? விடிய விடிய நடக்கவில்லையா?" என்றார். உண்மைதான். அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசல் ஊர்களின் திருவிழாவுக்கு வரும் ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் ஓரூர், ஸ்திரீபார்ட் ஓரூர், பபூன் வேறோரூர். ஒத்திகை கிடையாது. அன்றிரவு வந்து கூடுவார்கள், ஆர்மோனியம் எழும், வள்ளியும் நாரதரும் தர்க்கம் தொடுப்பார்கள். எவர் ஆணையும் இன்றி அந்த மேடை நிற்கிறது. வியக்கத்தக்க ஆற்றல் அது!

ஆனால் ஆட்டுவிப்பவன் அங்கே இல்லையா? பபூனும் டான்ஸ் பெண்ணும் வரும் கட்டத்தைப் பாருங்கள். ஊருக்கு ஊர் பெண்ணை இழிக்கும் அதே நகைச்சுவை, அதே சிரிப்பு. அந்தப் பெண் "ஏன்?" என்று கேட்க விரும்பினால் யாரைக் கேட்பாள்? பபூனைக் கேட்டால் வழக்கம் என்பார். ஊராரைக் கேட்டாலும் வழக்கம் என்பார்கள். வழக்கத்துக்கோ முகமும் இல்லை, காதும் இல்லை. முகமுள்ள ஓர் இயக்குநன் மேல் என்பேன். அவனையாவது நிறுத்திக் கேட்கலாம்.

கேட்டால் விடை சொல்லத் தெரிந்தவனாக அவன் இருக்க வேண்டும். படிப்பு அதற்குத்தான். கோழிக்கோடு பல்கலைக்கழகம் 1977-இல் திருச்சூரில் ஜி. சங்கரப் பிள்ளை தலைமையில் தொடங்கிய நாடகப் பள்ளி இளநிலைப் பட்டமே தருகிறது. 1959-இல் பிறந்த தில்லி தேசிய நாடகப் பள்ளியோ, பட்டம் பெற்று வருபவரையே ஏற்கிறது. பதினெட்டு வயதில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. ஆணையிட்டுப் பழகுமுன்னர் ஆணைக்கு உட்பட்டுப் பார்க்கட்டும், உடன் பயில்பவளின் நாடகத்தில் ஈட்டி ஏந்தி நிற்கட்டும், விளக்கு கட்டட்டும், திரை இழுக்கட்டும்.

இவ்வளவையும் அம்மாணவனிடம் சொன்னேன். வள்ளியாக நிற்பவள், "நான் ஏன் இங்கே தலைகுனிய வேண்டும்?" என்று கேட்டால், காரணம் சொல், சொன்ன பிறகும் அவள் மறுத்தால் காட்சியை மாற்று என்றேன். அவன் ஒப்பவில்லை.

"அப்படியானால் அந்த நாடகம் யாருடையது, ஐயா?" என்றான்.